மஞ்சள் பட்டையில் பத்தொன்பது நாள்

நான் கோபக்காரி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் வருவதெல்லாம் யாரோ செய்த தப்பு மாதிரித் தெரியும். எங்கள் நிறுவனத்தில் புதிதாகச் சேருகிறவர்களை வரவேற்பது, வேலைக்குப் பழக்குவது, இரண்டு மாதத்துக்குள் இவர் இருக்கட்டும், இவர் போகட்டும் என்று முடிவு சொல்வது எல்லாம் என் பொறுப்பு. மார்லேனி சுலுவாகா என்று கையெழுத்துப் போடுவேன். இத்தனை வருடத்தில் போட்ட கையெழுத்துகளில் இரண்டை மட்டும் அழிக்க முடியுமா என்று இப்போதெல்லாம் யோசிக்கிறேன். முடியாது.

மெதெயின் நகரத்தில் எங்கள் அலுவலகம். சக்கர நாற்காலி, ஊன்றுகோல், நோயாளிக் கட்டில் எல்லாம் நாடு முழுக்க அனுப்புகிறோம். வரவில்லை, உடைந்து வந்தது, சக்கரம் சுற்றவில்லை என்று வாங்கியவர்கள் எழுதுவார்கள். அவர்களுக்குப் பதில் எழுதப் பதினான்கு பேர். பெருந்தொற்றுக் காலத்தில் பதினான்கு பேரும் வீட்டுக்குப் போனார்கள். அப்புறம் திரும்பி வரவே இல்லை. வீட்டிலிருந்தே வேலை நன்றாக நடக்கிறதே என்று முதலாளி தோன் எவேலியோ, நாங்கள் வாடகைக்கு இருந்த ஐந்தாம் மாடியை ஒப்படைத்துவிட்டு, மூன்று மேசை மட்டும் கொள்ளும் ஓர் அறையை எடுத்தார்.

அந்த மூன்று மேசையில் நுபியாவுக்கு இடமில்லை. மரியாதைக்கு ஆண்களைத் தோன் என்றும் பெண்களைத் தோன்யா என்றும் சொல்வோம்; தோன்யா நுபியா எங்கள் அலுவலகத்தில் காப்பி கொடுப்பவர். காலை பத்து மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் தட்டில் சின்னக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு மேசை மேசையாக வருவார். யாருக்குச் சர்க்கரை வேண்டாம், யார் இன்று வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார், யாரிடம் பதினொரு மணி வரை வாயைக் கொடுக்கக் கூடாது, எல்லாம் அவருக்குத் தெரியும். காப்பி குடிக்க ஆளில்லாத இடத்தில் காப்பி கொடுக்கிறவர் எதற்கு? ‘இந்தப் பணியிடம் இனித் தேவைப்படவில்லை’ என்று கடிதம் அடித்து நான்தான் கையெழுத்துப் போட்டேன். அது முதல் கையெழுத்து.

அதற்குப் பிறகு புதிதாக வருகிறவர்களுக்கு என்று ஒரு கையேடு எழுதினேன். அறுபத்தெட்டுப் பக்கம். வண்ணப் படங்கள், அம்புக்குறிகள், நிறுவனத்தின் சின்னத்தை எந்த மூலையில் வைக்கலாம், எந்த மூலையில் வைக்கக் கூடாது என்பது உட்பட. தோன் எவேலியோ புரட்டிப் பார்த்துவிட்டு, “இதைப் படிச்சா கழுதைகூட வேலை பாத்துடும் மார்லேனி” என்றார். நான் பூரித்துப் போனேன். அவர் புரட்டினாரே ஒழிய படிக்கவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

எங்கள் கணினியில் இரண்டு பக்கம் உண்டு. ஒன்று நிஜம். அதன் தலையில் பச்சைப் பட்டை ஓடும். இன்னொன்று பயிற்சிக்கு. அதில் மஞ்சள் பட்டை. மற்றபடி இரண்டும் அச்சாக ஒன்றுதான். மஞ்சளில் வரும் கடிதங்கள் பொய். அங்கே பதில் எழுதினால் யாருக்கும் போகாது. புதியவர் இரண்டு நாள் மஞ்சளில் பழகிவிட்டு மூன்றாம் நாள் பச்சைக்கு மாற வேண்டும். கையேட்டில் இதை எழுதியிருந்தேன். நாற்பத்தோராம் பக்கம், மருத்துவக் காப்பீட்டுப் படிவத்துக்கும் சின்னம் பற்றிய விதிகளுக்கும் நடுவில், ஒரே வரியில்.

அந்தப் பொய்க் கடிதங்களையும் நான்தான் எழுதினேன். ஒரு மத்தியானம், பொரித்த சீஸ் உருண்டையைத் தின்றுகொண்டே, எண்ணெய்க் கையோடு நாற்பது கடிதம் தட்டினேன். கடிதத்துக்குக் கீழே பெயர் வேண்டுமே! மனதில் வந்த பெயரையெல்லாம் போட்டேன். ஒன்றில் நுபியா என்று போட்டேன். “என் முட்டி இரண்டும் போய்விட்டது. என் வீட்டுக்கு ஏகப்பட்ட படி. நாற்காலி கேட்டு மூன்று வாரம் ஆகிறது. யாரும் பதில் சொல்லவில்லை.” நாற்பது கடிதமும் திங்கள்கிழமைதோறும் மறுபடி முதலிலிருந்து வரும்படி வைத்திருந்தோம்.

யமீலே துல்கான் வேலைக்கு வந்தது மார்ச்சில். தெற்குக் கோடியில், மலைக்குளிரில் இருக்கிற துக்கெரெஸ் அவள் ஊர். தெற்கத்திக்காரர்களைப் பற்றி எங்கள் ஊரில் ஆயிரம் கேலி உண்டு. மெதுவாகப் பேசுவார்கள், அதைவிட மெதுவாகப் புரிந்துகொள்வார்கள் என்று. நானும் சொல்லிச் சிரித்தவள்தான். உண்மையில் அவர்கள் மரியாதைக்காரர்கள். எதைக் கேட்பதானாலும் முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கேட்பார்கள். எதிரில் இருப்பவர் அவசரத்தில் இருக்கிறார் என்று தெரிந்தால் கேட்கவே மாட்டார்கள். நானோ எப்போதும் அவசரத்தில் இருக்கிறவள்.

நேர்காணலில் திரையில் வந்த முகம் இன்னும் நினைவிருக்கிறது. முப்பத்தாறு வயது, தலையை இழுத்துப் பின்னியிருந்தாள், பின்னால் ஒரு நீலச் சுவர்.

“ஏன் இந்த வேலை வேணும்?” என்றேன். எல்லாரையும் கேட்கிற கேள்வி.

“மன்னிச்சிக்கணும் தோன்யா, உள்ளதைச் சொல்லிடறேன். நாலு வருஷமா பொகோட்டாவுல ஒரு வீட்டுல இருக்கேன். சமையல், துணி தேய்க்கிறது எல்லாம் நான்தான். படுக்கையும் அங்கேயே. எம்பொண்ணு ஊர்ல எங்க அக்காகிட்ட வளருது. ஒன்பது வயசு. இந்த வேலை கெடைச்சா அவளும் நானும் ஒரே வீட்டுல தூங்கலாம். அதுக்குத்தான்.”

எனக்குப் பிடித்துவிட்டது. அன்றைக்கே எடுத்துக்கொண்டேன். கையேட்டை அனுப்பி, “படிச்சுட்டு ஏதாவது சந்தேகம்னா கேளு” என்றேன். “சரிங்க தோன்யா” என்றாள். பாவி நான், அந்தச் ‘சரிங்க’வை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

முதல் வாரம், அனுப்பிய பதில்களின் கணக்கில் அவளுக்குப் பூஜ்யம். புதுசுதானே என்று விட்டேன். இரண்டாம் வாரமும் பூஜ்யம். திங்கள்கிழமைக் கூட்டத்தில் பதினைந்து கறுப்புக் கட்டங்கள், ஒருவர் முகமும் தெரியாது. “எல்லாருக்கும் எல்லாம் சரியாப் போகுதா?” என்று கேட்பேன். “சரிங்க” என்று சில குரல் வரும். பன்னிரண்டு நிமிஷத்தில் கூட்டத்தை முடிப்பதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

மூன்றாம் வாரமும் பூஜ்யம் என்றதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. அதற்கு ஒரு காரணம் உண்டு. போன வருடம் ஒருவன் எங்களிடமும் இன்னோர் இடத்திலும் ஒரே நேரத்தில் வேலை பார்ப்பதாகப் போக்குக் காட்டி இரண்டு இடத்திலும் தூங்கினான். அவனால் தோன் எவேலியோவிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமல்ல. யமீலேவுக்குச் செய்தி அனுப்பினேன்: “உன் வேலை ஒன்றுகூட இங்கே தெரியவில்லை. என்ன நடக்கிறது?”

பதில் உடனே வந்தது. “மன்னிக்கவும் தோன்யா. காலை எட்டிலிருந்து செய்துகொண்டுதான் இருக்கிறேன். இன்னும் வேகமாகச் செய்கிறேன்.”

செய்துகொண்டுதான் இருக்கிறாளாம்! பூஜ்யத்தை இன்னும் வேகமாகச் செய்வாளாம்! என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும். ‘உன் திரையை ஒரு நிமிஷம் காட்டு’ என்று கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கேட்கவில்லை. இவளும் போக்குக் காட்டுகிறாள் என்று தீர்மானித்துவிட்டேன்.

நான்காம் வாரம் வியாழக்கிழமை தொலைபேசியில் கூப்பிட்டேன். சோதனைக் காலத்தில் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நானும் சொல்லவில்லை. “இது ஒத்து வரலை யமீலே. இன்னியோட நிறுத்திக்கலாம்” என்றேன்.

“சரிங்க தோன்யா. தொந்தரவு குடுத்துட்டேன், மன்னிச்சிக்கங்க” என்றாள்.

“பரவால்ல.”

“ஒண்ணே ஒண்ணு தோன்யா. ஒரு அம்மாவோட நாற்காலி பாக்கி இருக்கு, அவங்க…”

“அதையெல்லாம் இங்க பாத்துப்பாங்க” என்று வைத்துவிட்டேன். கடைசி நிமிஷத்தில்கூட வேலை செய்த மாதிரி நடிக்கிறாளே என்று எரிச்சல். கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். அது இரண்டாவது.

இரண்டு வாரம் கழித்து அந்த இடத்துக்கு மனிசாலேஸ் ஊர்க்காரர் ஒருவரை எடுத்தோம். அவருக்காகப் பயிற்சிப் பக்கத்தைத் திறந்தால், நிரம்பிவிட்டது, பழையதை அழி என்று வந்தது. இதென்ன கூத்து, மஞ்சளில் எப்படி நிரம்பும் என்று உள்ளே போய்ப் பார்த்தேன்.

நூற்றைம்பதுக்கு மேல் பதில்கள். எல்லாவற்றின் கீழும் ‘தங்கள் பணியில், யமீலே துல்கான்’.

பத்தொன்பது நாள் அவள் மஞ்சளிலேயே உட்கார்ந்திருக்கிறாள். காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை, மத்தியானம் ஒரு மணி நேரம் மட்டும் விட்டுவிட்டு, நான் எண்ணெய்க் கையோடு தட்டிய பொய்களுக்கெல்லாம் பதில் எழுதியிருக்கிறாள். திங்கள்கிழமை அதே கடிதம் மறுபடி வந்தபோது, குறை தீராததால் மறுபடி எழுதுகிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். நுபியாவுக்கு எழுதியதை எடுத்துப் படித்தேன்.

முதல் வாரம்: “மதிப்புக்குரிய தோன்யா நுபியா, தாமதத்துக்கு மன்னிக்கவும். நாற்காலியை இன்றே அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.”

இரண்டாம் வாரம்: “நீங்கள் மறுபடி எழுதும்படி ஆகிவிட்டது. வெட்கமாக இருக்கிறது. இன்று மூன்று முறை அனுப்பு என்று அழுத்தினேன். நாற்காலி வரும் வரை, பச்சை உருளைக்கிழங்கைத் துருவி ஒரு துணியில் வைத்து முட்டியில் கட்டிக்கொள்ளுங்கள். என் அம்மாவுக்கு அது கேட்கும்.”

மூன்றாம் வாரம்: “கட்டிப் பார்த்தீர்களா? படியில் இறங்கும்போது பக்கவாட்டில் இறங்குங்கள். தனியாக இறங்காதீர்கள்.”

கடைசிக் கடிதம் அந்த வியாழக்கிழமை, நான் தொலைபேசியை வைத்துப் பத்து நிமிஷம் கழித்து எழுதியது. “தோன்யா நுபியா, நாளையிலிருந்து நான் இங்கே இருக்க மாட்டேன். உங்கள் நாற்காலியை அனுப்ப முடியாமல் போகிறேன், என்னை மன்னித்துவிடுங்கள். தோன்யா மார்லேனியிடம் உங்கள் பெயரைச் சொல்லப் பார்த்தேன். அவருக்கு வேலை அதிகம். நீங்களே அவருக்கு ஒரு வரி எழுதுங்கள். நல்லவர், பார்த்துச் செய்வார்.”

நல்லவராம்! மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். பக்கத்து மேசையிலிருந்த கணக்காளர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

அச்செடுத்துக்கொண்டு தோன் எவேலியோவிடம் ஓடினேன். அவர் இரண்டு தாளைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

“அய்யோ பாவம்” என்றார். அதை மனதாரத்தான் சொன்னார். பிறகு, “எழுத்துல எதுவும் போட்டுடாதே மார்லேனி. வாயாலயும் சொல்லாதே. தப்பு நம்மளதுன்னு ஒரு வார்த்தை போனா வக்கீல் என் உயிரை எடுத்துடுவார். அந்த இடத்துக்கும் ஆள் வந்தாச்சு.”

“அப்ப அவ?”

“இனி வர்றவங்களுக்கு இப்படி ஆகாமப் பாரு. அதான் நம்ம கையில இருக்கு. மொத்தத்தையும் சீர்படுத்து. என்ன வேணுமோ கேளு, தர்றேன்.”

முதலாளி சொல்லிவிட்டார் என்று ஒளிந்துகொள்ள எனக்கு ஓர் இடம் கிடைத்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை, யமீலேயின் எண்ணுக்குக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. விண்ணப்பத்தில் இருந்த அக்காவின் எண்ணுக்குப் போட்டேன். ஒரு சின்னக் குரல் எடுத்தது.

“அம்மா இல்லைங்க. பொகோட்டாவுக்குப் போயிட்டாங்க, பழைய வீட்டுக்கே. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் போன் எடுப்பாங்க.”

“எப்பம்மா திரும்பி வருவாங்க?”

“டிசம்பர்ல. நீங்க யாருங்க?”

அப்போது ஏப்ரல். நான் யார் என்று சொல்லாமல் வைத்துவிட்டேன்.

சீர்படுத்து என்றாரே, எப்படி? மஞ்சள் பக்கம் மூன்றாம் நாள் தானாகவே மூடிக்கொள்ளும்படி செய்தோம். அது ஒரு நாள் வேலை. ஆனால் அடுத்து வருகிறவர் வேறெங்கே சிக்குவார் என்று யாருக்குத் தெரியும்? முன்பெல்லாம் ஐந்தாம் மாடியில் யாருமே இப்படிச் சிக்கியதில்லையே, அப்போது கையேடுகூட இல்லையே என்று யோசித்தபோதுதான் நுபியாவின் ஞாபகம் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை, கேபிள் காரில் மலைக்கு மேலே போய், அங்கிருந்து படியேறினேன். கடிதத்தில் நான் விளையாட்டாக எழுதிய ஏகப்பட்ட படி நிஜமாகவே இருந்தது. மூச்சு வாங்கியது.

கதவைத் திறந்த நுபியா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். “அடேயப்பா! யாரு வந்திருக்கா பாரு! வழி தெரிஞ்சுதா, இல்ல இதுக்கும் புஸ்தகம் போட்டு வச்சிருக்கியா?”

“உள்ள வரலாமா தோன்யா நுபியா?”

“வா வா. காப்பி இருக்கு. இங்க அது இன்னும் தேவைப்படுது.”

நான் அடித்த கடிதத்தின் வார்த்தைகள். மறக்கவில்லை மனுஷி. அடுப்படிக்குப் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு போனார்.

“ஆபீஸ்ல புதுசா ஒரு ஆள் வந்தா நீங்க என்ன செய்வீங்க?” என்று கேட்டேன்.

“என்ன செய்வேன், காப்பி குடுப்பேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? காப்பி குடுக்கறப்ப கண்ணு சும்மா இருக்குமா? ஒருத்தி சாப்பிடாம உக்காந்திருப்பா, சாப்பாடு எங்க வாங்கறதுன்னு தெரியாது. கூட்டிட்டுப் போவேன். ஒருத்தன் யார்கிட்ட கேக்கறதுன்னு முழிப்பான், கைகாட்டி விடுவேன். ஏன், உன் மஞ்சளை யாரு சொன்னா?”

“என் மஞ்சளா?”

“பன்னெண்டு வருஷம் ஆச்சு, மறந்துட்டே. நீ சேந்து ஒரு வாரம். எல்லார் பெட்டியிலயும் தலையில பச்சை, உனக்கு மட்டும் மஞ்சள். எனக்கென்ன அதைப் பத்தித் தெரியும்? ஆனா வித்தியாசம் தெரியாதா? ‘ஏம்மா, உன்னுது மட்டும் ஏன் பழுத்துப் போயிருக்கு’ன்னு கேட்டேன். நீ கத்துனே பாரு ஒரு கத்து, ‘அய்யோ, ஒரு வாரமா தப்பான இடத்துல எழுதிட்டு இருக்கேனே’ன்னு! தட்டே ஆடிப் போச்சு.”

சத்தியமாக எனக்கு மறந்துவிட்டிருந்தது. நானும் அதே குழியில் விழுந்தவள். ஒருவர் காப்பித் தட்டோடு வந்து கைகொடுத்துத் தூக்கிவிட்டார். நான் ஏறி வந்து, அவரையே வீட்டுக்கு அனுப்பிவிட்டு, குழி இருக்கிறது என்பதை நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரே வரியில் எழுதி வைத்திருக்கிறேன்.

அச்செடுத்துக் கொண்டுவந்திருந்த யமீலேயின் கடிதங்களை அவரிடம் கொடுத்து நடந்ததையெல்லாம் சொன்னேன். நுபியா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மெதுவாகப் படித்தார். உருளைக்கிழங்கு வந்த இடத்தில் நின்று, மறுபடி படித்தார்.

“மூணு வருஷமாச்சு நான் வீட்டுக்கு வந்து. எம்முட்டி எப்படி இருக்குன்னு கேட்டது இவ ஒருத்திதான். அதுவும் நான்னு தெரியாமலே” என்றார். “எண்ணைக் குடு.”

“எதுக்கு?”

“பேசத்தான். ஞாயித்துக்கிழமைதானே இன்னிக்கு?”

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். நுபியா சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தார். “அம்மா, எம்பேரு நுபியா. மெதெயின்லேருந்து பேசறேன்.”

“தோன்யா நுபியாவா!” யமீலேயின் குரல் துள்ளியது. “என் நம்பரு எப்படிங்க கெடைச்சுது? முட்டி எப்படி இருக்கு? நாற்காலி வந்துடுச்சா?”

நுபியா என்னைப் பார்த்தார். “இன்னும் வரலம்மா” என்று சொல்லிவிட்டுப் போனை என் பக்கம் தள்ளினார். “அனுப்ப வேண்டியவங்க இதோ பக்கத்துலதான் இருக்காங்க. பேசு.”

“யமீலே, நான் மார்லேனி” என்றேன். அதற்குமேல் வாய் திறப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

“தோன்யா மார்லேனி! மன்னிச்சிக்கங்க, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா உங்களைத் தொந்தரவு பண்றேன். நான்தான் சரியா வேலை பண்ணலை, எனக்குத் தெரியுது. ஆனா அந்தம்மா பாவம், ரொம்ப நாளாக் காத்திருக்காங்க. கொஞ்சம் பாத்து அனுப்பிடுங்க. நீங்க சொன்னா நடக்கும்.”

இப்போது சொல்ல வேண்டும். நீ நன்றாகத்தான் வேலை செய்தாய், பதினான்கு பேரில் ஒருவர்கூட இப்படிச் செய்ததில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தவள் நான். இவ்வளவுதான், நாலு வார்த்தை. வக்கீல் ஞாபகம் வந்தது. அதைவிட, அந்த நூற்றைம்பது கடிதமும் காற்றுக்குத்தான் போயின என்று இவளிடம் எந்த வாயால் சொல்வது என்று வந்தது.

“சரி யமீலே, அனுப்பிடறேன்” என்றேன்.

நுபியா என் முன்னாலிருந்த கோப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நான் இன்னும் குடித்து முடிக்கவில்லை.

நுபியா இப்போது மறுபடி எங்களிடம் வேலை பார்க்கிறார். பத்து மணிக்குப் புதியவர்கள் ஒவ்வொருவரையும் திரையில் கூப்பிடுவார். அவர்களும் காப்பி போட்டுக்கொண்டு உட்கார வேண்டும், இவரும் உட்காருவார். சாப்பிட்டியா, யார்கிட்ட கேக்கத் தயங்கறே, உன் பெட்டியில தலையில என்ன நிறம் இருக்கு, இவ்வளவுதான் பேச்சு. ஆறு மாதத்தில் ஒன்பது பேர் சேர்ந்தார்கள். ஒருவர்கூட விழவில்லை. தோன் எவேலியோ எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். பிற நிறுவனங்களிலிருந்தெல்லாம் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டு எழுதுகிறார்கள். அறுபத்தெட்டுப் பக்கத்தை ஒன்பது பக்கமாக்கிவிட்டேன்.

துக்கெரெஸில் யமீலேயின் பெண்ணுக்குப் பத்து வயது ஆகிவிட்டது. பிறந்தநாளுக்கு அம்மா வரவில்லை. அதையும் நுபியாதான் சொன்னார். அவரும் யமீலேவும் ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுகிறார்கள். உண்மையை நீங்களே சொல்லிவிடுங்களேன் என்று ஒருமுறை கெஞ்சிப் பார்த்தேன். “நான் ஏன் சொல்லணும்? நானா தப்புப் பண்ணேன்?” என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை அந்த வாரத்துப் புதியவர்களைப் பற்றி எனக்குச் சொல்லிவிட்டு, கடைசியாக ஒரு கேள்வி கேட்பார்.

“யமீலேகிட்ட சொல்லிட்டியா?”

“இன்னும் இல்ல தோன்யா நுபியா.”

“போன ஞாயித்துக்கிழமையும் கேட்டா, நாற்காலி வந்துடுச்சான்னு.”